இன்னும் எட்டு வாக்குகள்

யாராவது ஒன்று கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைக்காரர் இன்னொரு சோப்பை நீட்டினால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள் என்று நீங்கள் முதலில் கேட்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதனால் சொல்கிறேன்.

அந்தச் செயலியை எழுதியது என் மனைவி. அவளுடைய அப்பாவுக்காகப் பதினோரு நாளில் எழுதினாள். மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "என் வீட்டுல எனக்குத்தான் டிவி ரிமோட்டு" என்று சிரித்துவிடுவார். எனவே இவள் கைப்பேசித் திரை முழுவதும் ஒரே ஒரு பச்சைப் பட்டனை வைத்தாள். அதில் 'இருக்கேன்' என்று எழுதியிருக்கும். காலை ஒன்பது மணிக்குள் அவர் அதை அமுக்க வேண்டும். அமுக்கவில்லையென்றால் இவள் கைப்பேசி அலறும். அவ்வளவுதான் செயலி.

மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "லிஃப்டுக்குள்ள அலாரம் பட்டனும் இப்படித்தான் மாப்பிள்ளை. பக்கத்துல கண்ணாடி மாட்டணும்பான், விளம்பரம் ஒட்டணும்பான். ஒருத்தனையும் விட்டதில்ல நானு. மாட்டிக்கிட்டவன் கைக்குத் தட்டுப்படணுமா, வேண்டாமா?" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாழ்நாளில் எந்தப் பயணியின் கருத்தையும் கேட்டதில்லை.

செயலி எங்கள் கைமீறி வளர்ந்தது. தனியாக இருக்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா? நாலாயிரம் குடும்பங்கள் சேர்ந்ததும் நான் வேலையை விட்டுவிட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தேன். முதல் வேலையாகக் கோரிக்கைப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு கோரிக்கைக்குப் பத்து வாக்கு விழுந்தால் செய்துவிடுவோம். ஒன்பது விழுந்தால் செய்ய மாட்டோம். இதைவிட நியாயமான விதி உங்கள் துறையில்கூட இருக்காது.

முதலில் பட்டனுக்கு நிறம் கேட்டார்கள். கொடுத்தேன். பேரன் படம் கேட்டார்கள், வானிலை கேட்டார்கள், மாத்திரை நேரம், சொல் விளையாட்டு, உறவினர்களுக்கு அனுப்பப் பூங்கொத்து. பத்து பத்துப் பேராகக் கேட்டார்கள். கைப்பேசியைத் திறந்ததும் வேறெதுவும் தெரியாமல் நம் செயலியே தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அதையும் செய்தேன். இடம் வேண்டுமே, பட்டன் பாதித் திரையானது, பிறகு கட்டைவிரல் அளவானது. பிறகு 'மற்றவை' என்ற பட்டியலுக்குள் போனது. போன் செய்யும் வசதியும் வரும் போனை எடுக்கும் வசதியும் அதற்குள்தான் இருந்தன, பூங்கொத்துக்குக் கீழே.

அன்று என் மனைவி மடிக்கணினியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"பட்டன் எங்கங்க?"

"மூணு கோடு இருக்குல்ல, அதைத் தொடு. 'மற்றவை'ன்னு வரும்."

"எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அவரு உயிரோட இருக்காருங்கிறது உங்களுக்கு 'மற்றவை'யா?"

"கேக்குறாங்கம்மா. பத்துப் பேரு கேக்குறாங்க."

"பத்துப் பேரு கேட்டா சமையலறையில கக்கூஸ் கட்டுவீங்களா?"

அவள் கோபத்தில்தான் அழகாகப் பேசுவாள். பதினாறு வருடமாக எனக்கு அது பிடிக்கும். வாக்கெடுப்பில் போடு, பார்க்கலாம் என்று சொன்னேன்.

அதன் பிறகுதான் 'தானியங்கி' வந்தது. வயதானவர்கள் அமுக்க மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அலுவலகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். போய்ப் பார்த்தால் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எனவே அவர்கள் அமுக்காவிட்டால் எட்டு ஐம்பத்தைந்துக்குச் செயலியே 'இருக்கேன்' என்று அமுக்கிவிட வேண்டும் என்று கோரிக்கை வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் பாசமான பிள்ளைகள். என் மனைவி அதை எழுத முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். வெளியில் ஒரு புரோகிராமரைப் பிடித்து எழுதி வாங்கினேன். வேண்டும் என்பவர்கள் அந்தந்தக் கைப்பேசியில் இயக்கிக்கொள்ளலாம், ஏறக்குறைய எல்லோரும் இயக்கிக்கொண்டார்கள். வந்த வாரத்திலிருந்து புகார்களே இல்லை. நாலாயிரம் குடும்பங்களில் ஒருவர்கூட இல்லாமல் போகவில்லை. அப்படி ஒரு சாதனையை எந்த மருத்துவமனையும் காட்ட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி வெளியூரில் இருந்தாள். மச்சினிக்குப் பிரசவ வலி. மாலையில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. கைப்பேசி சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் 'மற்றவை'க்குள் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடிந்திருக்காது.

ஆனால் அவர் மெக்கானிக் அல்லவா, இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் போதும், காலை ஒன்பதுக்கு மகள் கைப்பேசி தானாகவே அலறும். அப்படித்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் செயலி அவருக்காக அமுக்கியது.

பேச்சைக் கேட்டு எழுதும் வசதி எங்களிடம் இரண்டு இடத்தில்தான் உண்டு. ஒன்று சொல் விளையாட்டு, இன்னொன்று கோரிக்கைப் பெட்டி. இரண்டும் முதல் திரையிலேயே பெரிதாக இருக்கும். வேறெங்கும் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குப் பெட்டியில் ஒரு கோரிக்கை விழுந்தது. அச்சிட்டு உங்கள் கோப்பில் வைத்திருக்கிறீர்கள்.

"மாப்பிள்ளை, நான் அமுக்கல. ஆனா அமுக்குனதா சத்தம் வருது. விழுந்துட்டேன். பழையபடி மாத்திடுங்க."

என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடும் பயனர் ஒருவர்தான். விழுந்துட்டேன் என்ற சொல்லைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பூப்பந்து ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் ஷூ போட்டிருந்தேன். அதில் கருத்து ஒன்றும் சொந்த விஷயம் ஒன்றும் கலந்திருந்தன. சொந்த விஷயங்களுக்குப் பெட்டியில் இடமில்லை. கருத்துக்கு நான்கே நிமிடத்தில் பதில் அனுப்பினேன்: 'தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி. மேலும் ஒன்பது பேர் ஆதரித்தால் பரிசீலிக்கப்படும்.' பதில் போடாத நிறுவனங்கள் எத்தனையோ உண்டு.

மாலையில் மனைவி போன் செய்தாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றாள்.

"அப்பா போனை எடுக்கலங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"காலையில இருக்கேன்னு வந்துச்சே, பாக்கலையா?"

"வந்துச்சு," என்றாள். அவள் குரல் உடனே லேசாகிவிட்டது. "அப்ப சரி. டிவி சத்தத்துல கேக்கல போல. தாத்தா ஆயாச்சுன்னு நாளைக்குச் சொல்லிக்கிறேன்."

அவர் கைப்பேசியில் தானியங்கி ஓடுவது அவளுக்குத் தெரியாது. அதை இயக்கியது நான். ஒரு மாதத்துக்கு முன் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அவர் மறந்தார். மூன்று சனிக்கிழமையும் நான்தான் ஆட்டத்தை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறினேன். "மறந்துட்டேன் மாப்பிள்ளை, டீ குடிக்கிறீங்களா?" என்பார். நான்காவது முறை அவர் டீ போட உள்ளே போனபோது கைப்பேசியை எடுத்து மாற்றிவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

ஞாயிறு, திங்கள் காலையிலும் 'இருக்கேன்' வந்தது, அதனால் அவள் கவலைப்படவில்லை. ஞாயிறு மதியம்வரை அவர் உயிரோடு இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை கீழ்வீட்டுக்காரர் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வந்து கதவை உடைத்தார். செவ்வாய்க்கிழமை காலை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எட்டு ஐம்பத்தைந்துக்கு என் மனைவியின் கைப்பேசியில் பச்சை விளக்கு எரிந்தது. 'இருக்கேன்.' உங்கள் அலுவலகத்தில் உறை போட்டு வைத்திருந்த கைப்பேசியிலிருந்து வந்தது. அவள் அழவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

முழுவதையும் சொல்லச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கிக்கு விழுந்தது ஒன்பது வாக்குதான். பல நாள் அப்படியே நின்றது. பத்தாவது வாக்கு என்னுடையது.

அவள் போன வாரம் கோரிக்கைப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவள் அப்பா கேட்டதற்குக் கீழே, பழையபடி மாற்றுங்கள் என்பதற்கு, தன் வாக்கைப் போட்டிருக்கிறாள். இப்போது இரண்டு. இன்னும் எட்டு வேண்டும். நானும் போட்டால் மூன்றாகும். போட்டிருப்பேன், ஆனால் நிர்வாகத்தில் இருப்பவனே வாக்களிப்பது முறையில்லை.