தலையைத் தூக்காத ஒரு நாள்

சூலக்கரை கலெக்டர் ஆபீசில், லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர்களின் வரிசை நகரவேயில்லை. எனக்கு முன்னால் நின்ற பட்டாசுக் கம்பெனிக்காரர், கூட வந்திருந்த அச்சாபீஸ்காரரிடம் திடீரென்று சொன்னார்:

“கோல்ஃபுக்கு நம்ம ஊர்க்காரன் கழுத்து சரிப்பட்டு வராதுய்யா.”

“என்ன அண்ணாச்சி சொல்றீக?”

“அடிக்கிறப்ப தலையத் தூக்காதீக, பந்தையே பாருங்கன்னு கொடைக்கானல்ல கோச் கத்துறாரு. நமக்குத் திரியப் பத்த வச்சதும் வானத்தைப் பாத்தே பழக்கம். எங்கன போய் வெடிக்குதுன்னு பாக்காம இருக்க முடியுமா?”

“ஒரு தடவைகூட ஒழுங்கா அடிக்கலையா?”

“ஒரே ஒரு தடவை. அன்னைக்கு அம்புட்டு மூடுபனி. மேல பாத்தாலும் ஒண்ணும் தெரியாதுன்னு தலையத் தூக்கல. மட்டையில பந்து பட்டதே கைக்குத் தெரியலய்யா. சத்தம் மட்டும் அம்புட்டு சுத்தமா வந்துச்சு.”

“பந்து எங்கன போச்சு?”

“யாருக்குத் தெரியும்? நான் தேடவே இல்ல.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவர் நகரவில்லை.

“அதுலருந்து, போன் போட்டுப் பனி இருக்கான்னு கேட்டுட்டுத்தான் கிளம்புறேன்.”

“நாளைக்குப் போறீகளே, இருக்காமா?”

“நல்ல வெயிலாம்” என்றார். சொல்லும்போதே ஜன்னல் வழியாக வானத்தைத்தான் பார்த்தார்.