வாசல் இல்லாத தெற்குச் சுவர்

மாலை ஆறரை மணி. மூடுபனி. கன்ஃபூசியஸ் கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டிப் போகும் கல் பாதை… அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடக்காது. இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் ஷுன்னுடைய மாமா குடும்பத்துக்கு நடந்தது.

நம் ஊர்க் கோயிலுக்குத் தெற்கே வாசல் கிடையாது. அந்தக் காலத்து அரசாங்கத் தேர்வில் நம் ஊர்ப் பையன் ஒருவன் நாட்டிலேயே முதலாவதாக வந்தால்தான் சுவரை உடைத்து வாசல் வைக்கலாம். ஒருவனும் வரவில்லை. தோற்றவர்கள் அந்தச் சுவரில்தான் தலையை முட்டிக்கொண்டு அழுவார்களாம். பிற்பாடு சிலையை எரித்தவர்கள், கோயிலில் தானியம் குவித்தவர்கள், பன்றி கட்டியவர்கள்… யாரும் சுவரைத் தொடவில்லை.

காப்பாற்ற வந்தவர் தொட்டார். ஷுன்னின் மாமா காவ் பெய்லின், திருப்பணிக் குழுத் தலைவர். அவருக்கு நாம் வணக்கம் சொன்னால் பதில் வணக்கத்தை உதவியாளர் சொல்லுவார். மகன் ரூயி மாவட்ட மாதிரித் தேர்வில் முதலிடம். போதாதா? வாசல் வெட்டியாயிற்று. இனி வேறு எவனும் வெட்டக் கூடாதென்று மறுநாளே ஒரு பலகையும் நட்டார். திறப்பு விழாவில் ரூயி வாடகைப் பட்டு அங்கியில் முதல் ஆளாக நுழைய வேண்டும்.

மனைவி யூலான் சிரித்தாள். “மாதிரிப் பரீட்சைக்கே வாசலா, தலைவரே? அடுத்த தடவை பையன் ரெண்டாவதா வந்தா செங்கல் வச்சு அடைச்சிடுவீங்களா?”

விழாவுக்கு முந்தின மாலை ஒத்திகை. அப்பாவும் அங்கி போட்ட மகனும் மட்டும். ரூயியின் கைபேசி கிணுகிணுத்தது.

“அப்பா… புது ரிசல்ட் வந்திருக்கு. நான் ரெண்டாவது.”

“மூச்சு விடாதே. நாளைக்கு விழா முடியட்டும். நட.”

“வேணாம்ப்பா… உள்ளே யாரோ வரிசையா நிக்கிறாங்க.”

“முதுகை நிமித்திட்டு நடடா!”

மகன் நுழையும் அழகை எதிரிலிருந்து பார்க்க, காவ் பக்க வாசல் வழியாகச் சுற்றி ஓடினார். பாதி வழியில் கேட்டது. சரக்… சரக்… கொத்துக் கரண்டியால் சாந்து இழுக்கும் சத்தம். ஈரச் சுண்ணாம்பு நெடி. கூடவே பழைய மை நெடி.

உள்ளே வந்து பார்த்தால்… சுவர். முழுச் சுவர். வாசல் இருந்த இடத்தில் கைத் தடிமனுக்குப் பாசி.

வெளிப்பக்கம் ஓடினார். இரண்டு செங்கல்களுக்கு நடுவே பட்டு அங்கியின் நுனி. இழுத்தார்.

உள்ளேயிருந்து திருப்பி இழுத்தார்கள்.

கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டி வந்தார். காவலர்கள் பலகையைக் காட்டினார்கள். ‘புராதனச் சுவர். இடிப்போர் தண்டிக்கப்படுவர்.’ கீழே அவர் கையெழுத்து. நிபுணர்கள் தட்டிப் பார்த்து, ஒரு செங்கல்கூட ஒருபோதும் அசைக்கப்படாத சுவர் என்று சான்று தந்தார்கள். அந்தச் சான்றுக்காகக் காவுக்கு ஒரு பதக்கமும் கொடுத்தார்கள்.

இப்போதும் இருட்டினதும் யூலான் போய்ச் சுவரில் காதை வைப்பாள். ஷுன்னும் ஒருநாள் கூடப் போயிருக்கிறான். உள்ளே ரூயியின் குரல்…

“அம்மா, நம்ம ஊர்ல யாராவது முதலாவதா வந்தாங்களா?”

“இல்லடா கண்ணு.”

ஒரு பெருமூச்சு கேட்டதாம். ஒருவனுடையது இல்லை… சுவர் நீளத்துக்கும்.