மரியாதை தெரிந்த விளக்கு

கோப்பி வேண்டாம், சார். சாயங்காலத்துக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. மற்றபடி நன்றாகவே தூங்குகிறேன். வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் லாசரஸ். வயது ஐம்பத்தெட்டு. வீடு ஆங் மோ கியோவில். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அதைச் சொல்லும்போது எனக்கே வருகிறது. ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, ஏணியில் எப்படி ஏறுவது என்று பதினெட்டு வருடமாக ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன வருடம் புதுக் கார் வாங்கினேன். நிறம் பிடித்துப்போய் வாங்கினேன் என்று என் மனைவி ரெனீ நினைக்கிறாள். உண்மையில் விளக்குக்காகத்தான் வாங்கினேன். அடாப்டிவ் எல்இடி. எதிரே வண்டி வந்தால் உள்ளே இருக்கும் கேமரா பார்த்துவிடும். வருகிறவர் மேல் படும் வெளிச்சத்தை மட்டும் தானாகக் குறைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் பகல் மாதிரி அடிக்கும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. என்னைவிட மரியாதை தெரிந்த கார்.

எதிரே வருகிறவர்களுக்குத்தான் அந்த மரியாதை கிடையாது. மலிவான வெள்ளை விளக்கை மாட்டிக்கொண்டு நேராகக் கண்ணில் குத்துவார்கள். என் கார் பணிந்து போகும், அவர்கள் பணிய மாட்டார்கள். காருக்கு ரோஷம் இல்லை, எனக்கு இருந்தது. அப்படி யாராவது வந்தால் ஆட்டோவை விட்டுவிட்டு, கையாலேயே ஹை பீமை முழுதாக அவர்கள் முகத்தில் அடிக்கப் பழகினேன்.

அந்த வியாழக்கிழமை நான் வேலை முடிந்து கிளம்பியபோது மணி ஏழரை, இருட்டிவிட்டிருந்தது. ஒரு லாரி என் கண்ணைக் கூசவைத்துவிட்டு, நான் திருப்பி அடிப்பதற்குள் போய்விட்டது. கோபம் மட்டும் கையில் மிச்சம் இருந்தது. அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. யாரையும் தொந்தரவு செய்யாத, சின்ன மஞ்சள் விளக்கு. என் கார் வழக்கம்போல வெளிச்சத்தைக் குறைத்தது. நான் ஹை பீம் லிவரைத் தள்ளினேன்.

ஓட்டியவன் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தான். வண்டி ஓரக்கல்லில் மோதியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்த மஞ்சள் விளக்கு தரையோடு தரையாகக் கிடந்து எரிவது தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். ரெனீ மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

யாரென்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மேக்ஸ்வெல். எங்கள் தொழிற்சாலைதான், நைட் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். எங்கள் மாதா கோயிலில் பூசைக்குப் பாடுகிறவன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் யாரோ பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

தொழிற்சாலையில் அறிக்கை கேட்டார்கள். யாரிடம் கேட்பார்கள், பாதுகாப்பு அதிகாரியிடம்தான். ஓய்வு நேரத்தைப் பாட்டுப் பயிற்சியில் கழித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியிருக்கிறான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். தெளிவாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். மேக்ஸ்வெல்லை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். வாரத்துக்கு இரண்டு தடவை அவனை நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் ஃபேரர் பார்க்கில் தோசை. ஒரு நாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:

“அண்ணே, கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. முன்னாடி வெள்ளையா ஒரு லைட். கண்ணே தெரியல.”

“மயக்கத்துல அப்படித்தான் தோணும். நீ தூங்கிட்ட, மேக்ஸ்வெல்.”

மிச்சச் சட்னியைத் தோசையால் வழித்தான். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் லா” என்றான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கினேன்.

அவன் நம்பிவிட்டான். அவன் மனைவி அருள்ஜோதி நம்பவில்லை. விபத்து நடந்த வாரத்திலிருந்தே அந்தச் சாலையில் இருக்கும் கம்பெனிகளில் வாசல் வாசலாக ஏறி, வண்டிக் கேமரா பதிவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லாரியின் கேமராவில் எல்லாம் இருந்தது. அதைத்தான் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

இப்போது ஸ்டேஷனுக்குள்ளே வரும்போது அவளைப் பார்த்தேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். “இறங்கியாவது பார்த்திருக்கலாம்லண்ணே” என்றாள். அவ்வளவுதான். பாதுகாப்பு வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

லிவரில் கை தவறிப் பட்டதா என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல மனது உங்களுக்கு. தவறிப் படவில்லை. வேண்டுமென்றேதான் தள்ளினேன். அவன் கையைத் தூக்கியதைப் பார்த்தேன், அப்போதும் அணைக்கவில்லை. விழுந்ததைப் பார்த்தேன், நிற்கவில்லை. பிறகு, அவன்மேல் பழி போட்டு எழுதினேன்.

முடிந்ததென்றால் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாளைக்கு மேக்ஸ்வெல்லுக்குச் செயற்கைக் கால் பொருத்துகிறார்கள், காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா, சார்? நான் பக்கத்தில் இல்லையென்றால், பாவம், அவன் தவித்துப்போவான்.