அக்காவுக்கு நானூறு நாக்கு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அக்காவின் வாழ்க்கைத் துணைவர் டிரைவர் ஐயா அவர்களே! பஸ் பிடித்து, ரயில் பிடித்து, மூச்சு வாங்க இந்த நூலக மாடிப்படி ஏறி வந்திருக்கும் ‘கரண்டிப் பேச்சு’ குடும்பத்தாரே! இத்தனை காலமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கொஞ்சிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த என் அண்ணன்மாரே, தங்கைமாரே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அக்காவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மேலாளர் ஐயா என்னிடம், “டெய்லர், நாலு நல்ல வார்த்தை பேசிட்டு இறங்கிடுங்க, போதும்” என்றார். மன்னிக்க வேண்டும் ஐயா! நல்ல வார்த்தை பேசிப் பேசித்தான் நாம் இந்த நிலைக்கு வந்து நிற்கிறோம்.

யார் இந்தக் கரண்டி அக்கா? இதோ, மாலை போட்ட இந்தப் படத்தில் இருக்கும் முகத்தை உங்களில் பலர் இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள். இத்தனை வருஷமும் நாம் பார்த்தது ஒரு வலது கை, ஒரு மரக்கரண்டி, மணிக்கட்டில் கறுப்பு வார் போட்ட ஒரு கடிகாரம். அவ்வளவுதான். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்கா. எழுபதைத் தாண்டிய நம் மேலாளர் ஐயாவுக்கும் அக்கா!

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பகலெல்லாம் குப்பிகளில் அளந்து ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலையும் அளந்தவர். ஊரில் குறிப்பு எழுதுகிற எல்லோரும் ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதிவிட்டு நழுவிக்கொள்வார்கள். அக்காவுக்கு அந்த மூன்று சொல்லைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். “யாருக்குத் தேவையான அளவு? அடுப்புக்கா? சமைக்கத் தெரியாதவன்தானே குறிப்பைத் தேடி வர்றான்? அவன்கிட்டயே திருப்பிக் கேட்டா, அவன் எங்க போவான் பாவம்?” என்று ஒரு முழுப் பதிவே எழுதினார். அன்று முதல் அவர் குறிப்புகளில் உப்பு எத்தனை கரண்டி, தலைதட்டியா, கோபுரமாகவா என்பது வரைக்கும் இருக்கும்.

அக்காவின் ‘கரண்டிப் பேச்சு’ வலைப்பூவில், கமெண்ட் போடும் இடத்தில் நாம் கூடினோம். சமையலில் ஆரம்பித்துச் சமையலைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் முன்பின் தெரியாத ஊரில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். “அந்த ஊர்ல நம்ம ஆளு யாராவது இருக்கீங்களா?” என்று அக்கா ஒரு வரி போட்டார். சாயங்காலத்துக்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து நின்றது! “ஒரு வயித்துக்கு மூணு டிபன் கேரியரா?” என்று அவரே திணறிப்போனார். அந்த அண்ணன் இதோ, ஊன்றுகோல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்த உறவு பொய்யா? இல்லை. சத்தியமாகப் பொய் இல்லை.

பொய் வேறொரு இடத்தில் இருந்தது.

‘செய்து பார்த்தேன்’ என்று எழுதினோமே, அதுதான் பொய்.

ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? அக்கா வாரம் ஒரு குறிப்பு போடுவார். போட்ட கொஞ்ச நேரத்துக்குள் ‘செய்து பார்த்தேன், அபாரம்!’ என்று நாம் எழுதுவோம். பருப்பு வேகும் நேரம்கூட ஆகியிருக்காது! அதற்குள் நாம் சமைத்து, சாப்பிட்டு, கைகழுவி, கமெண்டும் போட்டிருப்போம். யார் முதலில் போடுவது என்பதில் போட்டி வேறு. எனக்குப் பட்டப்பெயரே ‘முதல் கமெண்ட் டெய்லர்’. என் கடையில் யாரையும் சட்டையைப் போட்டுப் பார்க்காமல் வெளியே விடமாட்டேன். தோள் இழுக்கிறதா, அக்குள் பிடிக்கிறதா என்று கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். அந்த நானே ஒரு நாள்கூட அடுப்பைப் பற்றவைக்காமல் ‘பாத்திரத்தை வழித்து நக்கிவிட்டோம் அக்கா’ என்று எழுதியவன்.

அது அன்பினால்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மாரடைப்பில் போன சேதி வந்ததும், அவர் நினைவாக எல்லோரும் ஒரே நாளில், அவரவர் வீட்டில், அவருடைய கேரட் சூப்பைச் சமைப்பது என்று முடிவு செய்தோமே? போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் அவர் போட்ட குறிப்பு. நூற்றுக்கு மேல் பாராட்டு வாங்கிய குறிப்பு. அன்றுதான் நாம் நிஜமாகவே சமைத்தோம். நானும் கடையை மூடிவிட்டு வந்து, குறிப்பைப் பார்த்துப் பார்த்து, கரண்டி பிசகாமல் செய்தேன். என் மனைவி ஒரு வாய் வைத்தாள். எழுந்து ஓடிப்போய் குழாயடியில் துப்பினாள். “கடல் தண்ணி மாதிரி கரிக்குது! இதையா நீங்க வழிச்சு நக்கினீங்க?” என்றாள்.

நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தால் படம் படமாக வந்து விழுகிறது. ‘அமிர்தம்!’ ‘அக்கா எங்கேயும் போகவில்லை, இந்தக் கிண்ணத்தில் இருக்கிறார்!’ சரி, தப்பு என் மேல்தான் என்று மேலாளர் ஐயாவுக்குப் போன் போட்டேன். அவர் குரலை இறக்கிக்கொண்டு, “உங்களுக்கும் அப்படியா டெய்லர்?” என்றார். அமிர்தம் என்று முதலில் எழுதியவரே அவர்தான்! செத்துப்போனவருக்கும் நாம் பொய் சொன்னோம், ஐயா. வாயில் உப்புக் கரிக்கக் கரிக்கச் சொன்னோம்.

மறுநாள் நானும் அவரும் டிரைவர் ஐயா வீட்டுக்குப் போனோம். அந்தச் சமையலறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். ஜன்னலோரம் ஒரு சின்னத் தராசு. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் அந்தத் தராசைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். டிரைவர் ஐயாவே கேட்டார். “சூப்பு விஷயமா வந்தீங்களா?”

பிறகு அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு, உங்களுக்குச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது நாக்கின் ருசியையும் மூக்கின் வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வரவே இல்லை. புளிப்பும் ஒன்றுதான், உப்பும் ஒன்றுதான். வீட்டில் ருசி பார்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது. டிரைவர் ஐயாவுக்கு ரத்த அழுத்தம். அவர் தட்டில் உப்பே விழக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. “எழுதறதை நிறுத்திடேன்மா” என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா சிரித்தாராம்.

“என் ஒரு நாக்கு போனா என்ன? எனக்குத்தான் நானூறு நாக்கு இருக்கே! அவங்க சொல்லுவாங்க.”

கேட்டீர்களா? நானூறு நாக்கு! அது நாம்தான்! அந்த நாளுக்குப் பிறகுதான் ஒவ்வொரு குறிப்பின் கீழும், ‘செய்து பார்த்து, உப்பு எப்படி இருந்தது என்று அவசியம் சொல்லுங்கள்’ என்று எழுத ஆரம்பித்தார். நாம் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று நினைத்தோம். கண் தெரியாதவர் ஒருவர் தெருவைக் கடக்கும்போது, “வண்டி வருதா தம்பி?” என்று நம்மைக் கேட்கிறார், நாம் ரோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “சூப்பரா நடக்கறீங்க!” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒரே ஒரு நாக்கு உண்மை பேசியது. நினைவிருக்கிறதா? நர்ஸ் என்று மட்டும் சொல்லிக்கொண்டு தங்கை ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். உருளைக்கிழங்குக் குழம்பின் கீழ் எழுதினாள்: ‘அக்கா, அளவு மாறாமல் செய்தேன். உப்பு தூக்கலாக இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?’ எவ்வளவு பணிவான கேள்வி! நாம் என்ன செய்தோம்? பாய்ந்து குதறினோம். ‘அக்காவுக்கே பாடமா?’ என்றார் ஒருவர். ‘கரண்டி பிடிக்கத் தெரியுமா?’ என்றார் இன்னொருவர். ‘ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம்’ என்று ஒரு மேதாவி எழுதினான். அதற்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைத்தது. அந்த மேதாவி உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறான்.

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்ததும் அக்கா சமையலறையிலிருந்து கத்தினாராம்: “என்னங்க, இங்க வாங்களேன்! ஒருத்தி செஞ்சு பார்த்திருக்கா!” அப்படி ஒரு சந்தோஷம். இஞ்சி டீ போட்டு எடுத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் எழுத வந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் நாம் அந்தப் பெண்ணைத் துரத்தியாயிற்று. அவள் எழுதியதையும் அழித்துவிட்டுப் போய்விட்டாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அக்கா அவளை எங்கே போய்த் தேடுவார்?

அவர் ஆய்வகத்துக்காரர் அல்லவா? ஒருத்தி சொல்வது சரியா, நூறு பேர் சொல்வது சரியா என்று ஒரு சோதனை வைத்துப் பார்த்தார். அதுதான் அந்தக் கேரட் சூப். வேண்டுமென்றே நான்கு பங்கு உப்பு. எவன் சமைத்தாலும் முதல் வாயிலேயே அலறியிருப்பான். அக்கா ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து காத்திருந்தார். ‘அபாரம்!’ ‘குழந்தைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்!’ நம் பாராட்டு ஒவ்வொன்றையும் டிரைவர் ஐயாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். பாதியில் எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாராம். இவருக்குக் கோபம் வந்து, “நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு அவங்களை” என்றிருக்கிறார்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? “விடுங்க. சமைக்கலைன்னா என்ன, வர்றாங்களே. வந்து பேசுறாங்களே.”

ஐயோ, திட்டியிருக்கலாமே அக்கா! காறி உமிழ்ந்திருக்கலாமே! இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு குறிப்பு வந்தது. அதுவே கடைசி. அதில் உப்பு எப்படி என்ற கேள்வி இல்லை. உப்பு எத்தனை கரண்டி என்ற கணக்கும் இல்லை. ‘உப்பு தேவையான அளவு’ என்று இருந்தது. நாம் கவனித்தோமா? கவனித்தோம்! ‘அக்கா கடைசியில் ஊர் வழிக்கு வந்துவிட்டார்’ என்று சிரித்து எழுதினோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு எவ்வளவு என்று நம்மை நம்பிக் கேட்டவரை நாம் அப்படி அனுப்பிவைத்தோம்.

அன்பர்களே! அழுதுவிட்டுக் கலைந்துபோவது சுலபம். ஆனால் மூன்று வருஷக் குறிப்புகள் அக்கா பெயரில் அங்கே நிற்கின்றன. எது சரி, எது தப்பு என்று யாருக்கும் தெரியாது. நம் பாராட்டை நம்பி, யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் அதைச் சமைத்து, வாயில் வைத்துவிட்டு, “எந்தப் பொம்பளை எழுதினது இது?” என்று திட்டுவார். வாழ்நாளெல்லாம் அளந்து வாழ்ந்தவருக்கு அந்தப் பேர் வரலாமா? வருவதற்கு நாம் விடலாமா?

டிரைவர் ஐயா வலைப்பூவின் சாவியை நம்மிடம் தந்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: “அவளுக்குத் தெரியாமலே போயிடுச்சு. நீங்களாவது சரியான அளவு என்னன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க.” ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். அந்த மூன்று வருஷக் குறிப்புகளையும் ஒன்று விடாமல் சமைப்போம். அடுப்பில் வைத்து, வாயில் போட்டு, அதன் பிறகு எழுதுவோம். நாம் எழுதிய பழைய பாராட்டுகளை அழிக்கப் போவதில்லை. அவை அங்கேயே, நம் பெயரோடு இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே உண்மையை எழுதுவோம். நர்ஸ் தங்கையே! நீ எங்கே இருந்தாலும், இந்த உரை உன் கண்ணில் பட்டால், என்னை மன்னித்துத் திரும்பி வா. மன்னிக்க முடியாவிட்டாலும் வா. எங்களுக்கு உன் நாக்கு வேண்டும்.

இன்றே ஆரம்பித்துவிட்டேன். காலையில் என் கையால் அக்காவின் தக்காளிச் சாதம் செய்தேன். மூன்று வருஷக் குறிப்புகளில் முதலாவது. அளவு அவர் எழுதியபடியே. பின்னால் மேசையில் அண்டா இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிடி கட்டாயம் சாப்பிட வேண்டும். நான் சாப்பிட்டுவிட்டேன், எப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிவிடுவீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

மௌன அஞ்சலி வேண்டாம் என்று டிரைவர் ஐயா சொல்லிவிட்டார். நீங்கள் சாப்பிட்டு முடித்துப் படி இறங்கும்போது அவர் வாசலில் நிற்பார். உங்கள் ஒவ்வொருவரிடமும், “உப்பு எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். தயவுசெய்து பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.