மேட்டுப் பாதி

"ஹலோ... ஹலோ மாமா, கேக்குதா? ... அக்கா இப்பதான் சொன்னா. கலப்பையை மாட்டிட்டீங்களாமே? ... என்ன? ... ஐயோ, மொதல்ல அந்த இன்ஜினை நிறுத்துங்க, ஒண்ணும் கேக்கல... ஆங். இப்பக் கேக்குது."

அவள் பயிர் ஆராய்ச்சிக்காரி. வறட்சியைத் தாங்கட்டும் என்று தான் பார்த்துப் பார்த்து இனம் கலந்து உருவாக்கிய மக்காச்சோள விதையை அக்காள் புருஷனிடம் கொடுத்திருந்தாள். அவள் சொன்ன ஒரே சொல்லுக்காக நிலம் முழுக்க அதையே போட்டார் அவர். மழை கைவிரித்துவிட்டது. இன்று, கதிர் வைக்காத பயிரை அப்படியே மடக்கி உழ டிராக்டரில் ஏறிவிட்டார்.

ஆய்வுக்கூட நடையில் மின்விசிறிகள் இரைந்தன. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"ஆமா, ஆமா... வாடகை டிராக்டர், நாளைக்குக் கிடைக்காது, தெரியும்... சுருண்டு போச்சுன்னா செத்துப் போச்சுன்னு யாரு சொன்னா? ... இல்ல மாமா, கேளுங்க. இலைக்கு வாய் இருக்கு, சின்னச் சின்னதா. தண்ணி வெளிய போயிடக் கூடாதுன்னு அதை இறுக்கி மூடிக்கிச்சு. மூடினா காத்து உள்ள போகாது, சமையல் நின்னுடும். அடுப்பு மட்டும் எரியுது, உலையில ஒண்ணும் இல்ல... ஆமா, வெயிலைத்தான் சொல்றேன். போன வாரம் பூரா மேகமூட்டம், இலை அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிடுச்சு. திடீர்னு இப்படிக் கொளுத்தினா? சுருட்டிக்கிட்டு, வர்ற வெளிச்சத்தைச் சூடா மாத்தி வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. உயிரைக் கையில புடிச்சிக்கிட்டு..."

"... கத்தாதீங்க. ... சரி, கத்துங்க. நான்தான் கொடுத்தேன். இல்லேங்கல."

 போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரே ஒரு உதவி. நான் கொடுத்த கருவி வண்டியில இருக்கா? ... அதேதான். அதோட இருக்கிற கறுப்பு கிளிப்புகளை மேட்டுப் பக்கம் ரெண்டு இலையில, பள்ளத்துப் பக்கம் ரெண்டு இலையில மாட்டி மூடி விடுங்க. கொஞ்ச நேரம் இருட்டுல கிடக்கட்டும். அப்புறம் கருவியை வெச்சா, சமைக்கிற தெம்பு இன்னும் இருக்கான்னு நம்பர் காட்டும்... விளையாட்டு இல்ல மாமா. ... போனை வெக்காதீங்க. பையில போட்டுக்கிட்டே நடங்க."

காய்ந்த இலைகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு வெறும் மூச்சிரைப்பு. அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ, நகத்தைக் கடித்து ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை.

"ஆங், சொல்லுங்க! ... பள்ளத்துலயா? புள்ளி ஆறா? இன்னொண்ணு? ... அதுவும் ஆறு! மாமா, உயிர் இருக்கு. வாடியிருக்கு, ஆனா இருக்கு. மேட்டுல? ... எவ்வளவு? ... புள்ளி ரெண்டா? திரும்ப வெச்சுப் பாருங்க... வேற செடி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் தேறிவிடும் என்றே சொல்லிவிடலாம். அந்த எண்ணின் அர்த்தம் தெரிந்தவள் அவள் மட்டும்தான், யார் கேட்கப் போகிறார்கள்?

"... இல்ல. அது தேறாது. இலை உள்ளயே வெந்து போச்சு. ... ஆமா மாமா, என் விதைதான். மேட்டு மண்ணுல ஆழம் இல்ல, என் விதையால முடியல. மேட்டுப் பாதியை உழுதுடுங்க."

எதிர்முனையில் அவர் டிராக்டருக்குத் திரும்பி நடக்கும் காலடி கேட்டது.

"... பள்ளத்துப் பாதியா? ஒரு மழை வந்தாப் பொழைச்சுக்கும். ... வரலைன்னா அதுவும் போயிடும். ... தெரியல மாமா. சத்தியமாத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசினா நீங்க இன்னொரு தடவை என்னை நம்பிடுவீங்க... மாமா? ... மாமா, இருக்கீங்களா?"

இன்ஜின் உறுமியது. போன் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது போலும். கலப்பை மண்ணில் இறங்கும் சத்தமும், தட்டைகள் முறியும் சத்தமும் அவள் காதுக்குள்ளேயே நடந்தன. போய்த் திரும்பி, போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவள் பிடி இறுகியது.

ஒரு திருப்பத்தில் சத்தம் அப்படியே நின்றது. இரும்பு மண்ணை விட்டு மேலே எழும் முனகல்.

"மாமா... மேட்டுப் பாதியோட நிறுத்திட்டீங்களா? பள்ளத்தை விட்டு வெக்கிறீங்களா? ... ம்... ம்... சரி மாமா. ... சரி."

இணைப்பு அறுந்து போயிற்று. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.