வாசலுக்கு நேர் சுவர்

செக்ரட்டரி: ...இல்ல, அப்படிச் சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். மறுபடியும் முதல்லேர்ந்து.

தலைவர்: இது நாலாவது தடவை, செக்ரட்டரியம்மா. டீ ஆறிப்போச்சு.

செக்ரட்டரி: ஒரே மடக்கா குடிச்சிட்டு உட்காருங்க. நீங்கதான் கண்டக்டர். நான் கதவைத் திறந்துட்டு உள்ள வர்றேன்.

தலைவர்: அவரு உட்காருவாரா? இருபத்தெட்டு வருஷம் பஸ்ல நின்னே வேலை பார்த்த மனுஷன். படம் வரையறதே நின்னுக்கிட்டுத்தான். நானும் நிக்கிறேன்.

செக்ரட்டரி: சரி, நில்லுங்க... வணக்கம்ணே. உங்க குதிரைப் படம்...

தலைவர்: ஆமா, என் குதிரை.

செக்ரட்டரி: ரொம்ப நல்ல குதிரை.

தலைவர்: சரி.

செக்ரட்டரி: அதனால அதை வாசலுக்கு நேர் சுவர்லேர்ந்து இறக்கிடலாம்னு...

தலைவர்: அதனாலயா? நல்ல குதிரைங்கறதாலயா இறக்குறீங்க?

செக்ரட்டரி: பார்த்தீங்களா, எனக்கு வரல. சிலைக்கு மண்ணு பிசையச் சொல்லுங்க, விடிய விடிய பிசையறேன். ஒருத்தர் முகத்தப் பார்த்து 'உங்க படம் வேணாம்'னு சொல்றதுக்கு எனக்கு வாய் எழும்பல.

தலைவர்: அப்புறம் எதுக்கு இந்தப் பொறுப்ப வாங்கிக்கிட்டீங்க?

செக்ரட்டரி: நானா வாங்கினேன்? ஞாயித்துக்கிழமை நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தீங்கல்ல, அன்னைக்குச் சுவர் கமிட்டி கூடிச்சு. யாரு போய்ச் சொல்றதுன்னு சீட்டுக் குலுக்கினாங்க. என் பேரு வந்துச்சு. அப்புறம் குப்பைக்கூடைல பார்த்தா, மிச்சச் சீட்டு எல்லாத்துலயும் என் பேருதான்.

தலைவர்: நமக்குச் சுவர் கமிட்டின்னு ஒண்ணு இருக்கா?

செக்ரட்டரி: இருக்கே. உறுப்பினர் பதினோரு பேரு, கமிட்டி ஏழு. சுவர் கமிட்டி, விளக்கு கமிட்டி, வரவேற்பு கமிட்டி, டீ கமிட்டி...

தலைவர்: பெருக்குறதுக்கு மட்டும் கமிட்டி இல்ல.

செக்ரட்டரி: அதுக்குத்தான் தலைவர்னு ஒருத்தர வெச்சிருக்கோமே.

தலைவர்: அதுவும் சரிதான். கலைஞர்கள் கூட்டுறவுச் சங்கம்னு போர்டு எழுதி மாட்டின அன்னைக்கு, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் நம்மள வந்து பார்ப்பாங்கன்னு நினைச்சேன். ஒன்பது வருஷமா நான்தான் தூசிய வந்து பார்த்துக்கிட்டிருக்கேன்.

செக்ரட்டரி: பேச்சை மாத்தாதீங்க. நாளன்னைக்கு கண்காட்சி. இன்னைக்குச் சொல்லியே ஆகணும்.

தலைவர்: சொல்லுங்க. நான் கண்டக்டரா இங்கயே நிக்கிறேன்.

செக்ரட்டரி: அண்ணே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது...

தலைவர்: எடுத்துக்குவேன். அப்படி ஆரம்பிச்சா எந்த மனுஷனும் தப்பாத்தான் எடுத்துக்குவான். வேற.

செக்ரட்டரி: அண்ணே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

தலைவர்: இப்படிக் கேட்டா யாரோ செத்துட்டாங்கன்னு பயந்துடுவாரு. வேற.

செக்ரட்டரி: ஐயோ, என்ன விட்டுடுங்க தலைவரே.

போட்டோக்காரர்: ஏணி இங்க இருக்கா? விளக்கு கமிட்டிக்கு வேணுமாம்.

தலைவர்: கதவுக்குப் பின்னாடி பாருங்க, போட்டோக்காரரே. மூணாவது படி ஆடும், பார்த்து.

போட்டோக்காரர்: ஒன்பது வருஷமா ஆடுது. அதுக்கொரு கமிட்டி போட்டிருக்கலாம்... என்ன செக்ரட்டரி, சொல்லியாச்சா?

செக்ரட்டரி: ம்? இல்ல. இன்னும் இல்ல. கண்டக்டர்கிட்ட சாயங்காலமாத்தான்...

போட்டோக்காரர்: கண்டக்டர்கிட்டயா?

செக்ரட்டரி: கண்டக்டர்கிட்டதான். குதிரை விஷயம். நீங்க ஏணிய எடுத்துட்டுக் கிளம்புங்க.

போட்டோக்காரர்: ஓ... ஆமாமா, குதிரை. குதிரைதான். நான் வர்றேன்... தலைவரே, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்தச் சுவர்ல உங்க ஏரிப் படம் இருக்கே, இந்த வாரம் பார்க்க என்னமோ புதுசா இருக்கு. தொடச்சீங்களா?

தலைவர்: தொடைக்கல.

போட்டோக்காரர்: அப்போ வெளிச்சம் மாறியிருக்கும். நல்லா இருக்கு.

செக்ரட்டரி: எனக்கும் அப்படித்தான் பட்டுது.

தலைவர்: ஒன்பது வருஷத்துல முதல் பாராட்டு. பொன் எழுத்துல எழுதி வெச்சுக்கறேன். போட்டோக்காரர் போயாச்சா?

செக்ரட்டரி: போயாச்சு.

தலைவர்: சரி, இடம் மாறிக்கலாம். நீங்க கண்டக்டர், நான் செக்ரட்டரி. எப்படிச் சொல்றதுன்னு நான் காட்டுறேன்.

செக்ரட்டரி: நீங்களா? வேணாம்...

தலைவர்: ஏன் வேணாம்? அண்ணே, வாங்க, இப்படி நில்லுங்க. சுத்தி வளைக்க மாட்டேன். உங்க படம் இந்த வருஷம் வாசலுக்கு நேர் முன் சுவர்ல கிடையாது.

செக்ரட்டரி: ...ஏன்?

தலைவர்: காரணம் மூணு. ஒண்ணு, படம் ரொம்பப் பெருசு. கட்டில் மாதிரி. பாதிச் சுவர அதுவே அடைச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டு, சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதே படம். மத்தவங்க வருஷா வருஷம் புதுசா வரைஞ்சு எடுத்துட்டு வர்றாங்க, அது மட்டும் வாடகை வீட்ட காலி பண்ணாத ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கு. மூணு, யாரும் அதுக்கு முன்னால நிக்கிறதில்ல. உள்ள வர்றவங்க குடைய எங்க வைக்கிறதுன்னு அந்தப் பக்கம் பார்க்கறாங்க, அவ்வளவுதான்.

செக்ரட்டரி: குதிரைக்கு முன்னால நிக்கிறாங்களே. காலு நாலா அஞ்சான்னு எண்ணிப் பார்க்கறாங்க. குழந்தைங்க நகரவே மாட்டேங்குது.

தலைவர்: அப்போ குதிரைக்கு ரெண்டு காரணம் போதும்.

செக்ரட்டரி: இத்தனையும் முகத்துக்கு நேராச் சொல்லணுமா?

தலைவர்: சொன்னாத்தான் என்ன? அதுல எது பொய்?

செக்ரட்டரி: பொய் இல்ல... வலிக்கும்.

தலைவர்: வலிக்கட்டும். இப்ப நீங்க கேளுங்க, அந்த இடம் யாருக்குன்னு. கண்டக்டர் கண்டிப்பா கேட்பாரு.

செக்ரட்டரி: அந்த இடம் யாருக்கு?

தலைவர்: நர்ஸுக்கு.

செக்ரட்டரி: ...கமிட்டி முடிவு பண்ணது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவர்: வேற யாருக்கு இருக்க முடியும்? மூணு வருஷமா அந்தப் பொண்ணோட பன்னிரண்டு படமும் பின்னாடி தண்ணிக் குழாய் பக்கத்துல தொங்குது. ஒவ்வொண்ணும் நோட்டுப் புத்தகம் அளவு. எல்லாம் அவ பார்த்துக்கிட்ட நோயாளிங்களோட கை. ஊசி ஏத்தின கை, கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்ட கை... பிரஷ் கழுவப் போனேன்னா அங்கயே நின்னுடுவேன். தண்ணி பாட்டுக்கு ஓடும்.

செக்ரட்டரி: தண்ணிக் குழாய மூடாம விடுறது நீங்கதானா?

தலைவர்: ஆமா. அதுக்கும் ஒரு கமிட்டி போட்டுக்குங்க.

செக்ரட்டரி: இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே தலைவரே. அவளுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்.

தலைவர்: சொல்லியிருக்கணும். சொன்னா அடுத்த வார்த்தையா, 'அப்போ முன் சுவர்ல இடம் குடுங்க'ன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு... கண்டக்டர் பயந்திருப்பாரு.

செக்ரட்டரி: கண்டக்டரா?

தலைவர்: அவரேதான். இப்ப நான் மறுபடியும் கண்டக்டர். ஒரே ஒரு கேள்வி கேட்கறேன், இதுக்குச் சரியா பதில் சொல்லிட்டீங்கன்னா ஒத்திகை முடிஞ்சுது.

செக்ரட்டரி: கேளுங்க.

தலைவர்: ஏம்மா... அந்தச் சுவர்ல என் படம் இருக்கறதனாலதான் நான் படம் வரையறவன்னு எனக்கே ஞாபகம் இருக்கு. வேற எங்கயும் அது தொங்கல. வீட்லகூட மாட்ட விடல. அதையும் இறக்கிட்டா, நான் இங்க யாரு? நான் இனிமே வரணுமா, வேணாமா?

செக்ரட்டரி: என்ன பேச்சு இது? நீங்க வரலன்னா யாரு கதவத் திறக்கிறது? யாரு பெருக்குறது? போன மழைக்குக் கூரை ஒழுகினப்ப எல்லாரோட படத்தையும் தூக்கி மேசை மேல வெச்சுட்டு, உங்க படத்த மட்டும் நனைய விட்டீங்களே, அதை யாரு செய்வா?

தலைவர்: கண்டக்டர்கிட்ட ஏது சாவி? மழைல நனைஞ்சது குதிரையா?

செக்ரட்டரி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்...

தலைவர்: நல்ல பேச்சு. அதை அப்படியே சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்.

செக்ரட்டரி: தலைவரே, உட்காருங்க.

தலைவர்: கண்டக்டர் நின்னுக்கிட்டுத்தான்...

செக்ரட்டரி: உட்காருங்கன்னா உட்காருங்க. கண்டக்டர்கிட்ட யாரும் எதுவும் சொல்லப் போறதில்ல. கமிட்டி இறக்கச் சொன்னது குதிரைய இல்ல. காலைலேர்ந்து நான் உங்ககிட்டத்தான் சொல்ல முடியாம, உங்களையே கண்டக்டராக்கி... எனக்கு வெக்கமா இருக்கு.

தலைவர்: உங்களுக்கு ஏன் வெக்கம்? ஒத்திகைக்கு என்னையே கூப்பிட்டீங்க பாருங்க, அந்தத் தைரியம் ஏழு கமிட்டில எவனுக்கும் வராது.

செக்ரட்டரி: உங்களுக்குக் கோவம் வரலையா?

தலைவர்: வந்துச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்துச்சு. புதன்கிழமை மத்தியானம் போயிடுச்சு.

செக்ரட்டரி: செவ்வாய்க்கிழமையா? இன்னைக்கு வியாழன். அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னது? போட்டோக்காரரா?

தலைவர்: யாரும் சொல்லல. சுவர்ல பென்சில்ல அளவு குறிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சுவர அளக்கறதுக்காக என் படத்தக் கழட்டினீங்கல்ல?

செக்ரட்டரி: கழட்டினோம். அளந்துட்டு இருந்த மாதிரியே திருப்பி மாட்டிட்டோமே. ஒரு இம்மிகூட நகரல. நானே தள்ளி நின்னு பார்த்துச் சொன்னேன்.

தலைவர்: தலைகீழா மாட்டிட்டீங்க. வானம் கீழ இருக்கு, ஏரி மேல இருக்கு, நாலு நாளா. அதைச் சொல்லிச் சண்டை போடணும்னுதான் செவ்வாய்க்கிழமை உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். வந்ததுக்கு அப்புறம்தான் உறைச்சுது... திங்கக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அதுக்கு நேர் எதிர்ல உட்கார்ந்து ஆறு தடவை டீ குடிச்சிருக்கேன், வரைஞ்ச எனக்கே தெரியல. திரும்பிப் போயிட்டேன். வாங்க, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. ஸ்க்ரூவ காலைலயே தளர்த்தி வெச்சுட்டேன்.