கை தூக்குவீங்களான்னு கேட்க வந்தேன்

இல்ல சார், உட்காரல. நீங்க பாட்டுக்குக் கண்ணாடியை அறுங்க, நான் நின்னுக்கிட்டே பேசிடறேன். நாளைக்குச் சாயங்காலம் ஸ்கூல்ல கூட்டம் இருக்கு, அதான் கடைக்கே வந்துட்டேன். ஆமா, விளையாட்டு டீச்சர்தான். போன கூட்டத்துல நீங்க கத்தினப்ப எதிர்ல வாயை மூடிக்கிட்டு நின்னேனே, அதே ஆள்.

அந்தப் பிள்ளை விஷயம்தான். திருநங்கைன்னு சொல்லுங்க சார், அந்த வார்த்தை வேண்டாம். ஒம்பதாவது படிக்கிறா. நீளம் தாண்டுறா. பொம்பளைப் பிள்ளைங்களோட சேர்ந்து தாண்டலாமா கூடாதான்னு நாளைக்குப் பெத்தவங்க எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணப் போறீங்க. அதுக்குத்தான் வீடு வீடா ஏறி இறங்குறேன். பாதிப் பேர் ஜன்னல் வழியா பாத்துட்டுக் கதவைத் திறக்கல.

எல்லாத்தையும் அவளே ஜெயிச்சுட்டுப் போயிடுவாளா? நீங்க வேற. போன தடவை கடைசிக்கு முந்தின ஆளா வந்தா. விழுந்து எந்திரிக்கிறப்ப வாயெல்லாம் மணலோட சிரிப்பா, கூட இருக்கிறதுங்களும் சிரிக்கும். அதுங்களுக்கு ஒரு சண்டையும் இல்ல சார்.

இப்ப யாரும் சிரிக்கிறதில்ல. போன வாரம் மணல் குழியைக் கிளறிவிடப் போனேன். கை சுருக்குன்னுச்சு. பாத்தா கண்ணாடி. குழி பூரா. பாட்டில் உடைஞ்சது இல்ல, தட்டையா, நீளநீளமா அறுத்தது. கூர் மேல பாத்து நட்டு வச்சு, மேலாப்ல மணலைத் தூவி விட்டிருந்தாங்க.

உங்களைச் சொல்லல சார். கண்ணாடி எங்க வேணா கிடைக்கும். ஏன் கையை நிறுத்திட்டீங்க?

அன்னிக்கு முதல்ல தாண்ட நின்னது அவ இல்ல, வேற பொண்ணு. அந்தப் பொண்ணோட அப்பாவும் உங்க பக்கத்துல நின்னு கத்தினவர்தான். அவர்கிட்ட என் கையைக் காட்டினேன், நாளைக்கு வந்து கை தூக்கறேன்னுட்டார்.

இப்ப இன்னொண்ணு. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறப்ப ஒரு கார் பின்னாலயே வருதாம். ஹாரன் அடிக்காது, முந்திப் போகாது. அவ நின்னா அதுவும் நிக்குதாம். அதனாலதான் கேக்கறேன். அவ தாண்டட்டும்னு நீங்க ஒருத்தர் கை தூக்கினா போதும், உங்களைப் பாத்து பத்துப் பேர் தூக்குவாங்க. இந்தத் தெருவுல உங்க பேச்சுக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கு.

மாட்டீங்க. சரி.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பேச்சுக்குத்தான். அந்த மாதிரி ஒரு பிள்ளை உங்க வீட்லயே இருந்தா?

கோவப்படாதீங்க சார், கேள்விதானே.

ம்.

அந்தக் கையாலயே அறுத்துப் போட்டுடுவீங்களா.

பெத்தவளையும் சேர்த்தேவா.

இல்ல, ஏதோ வேகத்துல சொல்றீங்களோன்னு பாத்தேன். கொஞ்சம் யோசிச்சே சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்ல.

சரி சார். புரிஞ்சுது.

தண்ணியெல்லாம் வேண்டாம், கிளம்பறேன். கொஞ்சம் வழி விடுங்க. வெளியில ஆட்டோல எங்க டீச்சருங்க உக்காந்திருக்காங்க, நான் வரலேன்னா உள்ள வந்துடுவாங்க.

அப்புறம் சார், உங்க வீட்டம்மாவும் சின்னவனும் அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்கல்ல? அங்க போய்த் தேடாதீங்க. அங்க இல்ல. பத்திரமா இருக்காங்க, எங்கன்னு சொல்ல மாட்டேன். ஸ்டேஷன்லயும் சொல்லி வச்சாச்சு. என்னை அனுப்பினதே உங்க வீட்டம்மாதான். இவர் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வந்தாலும் திரும்பிடறோம் டீச்சர், வரலேன்னா விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடுங்கன்னாங்க.

சின்னவன்னு நானும் சொல்றேன் பாருங்க, பழக்க தோஷம். அவ வேற பேர் வச்சுக்கிட்டா. நான் செருப்பு மாட்டுறப்ப பின்னாலயே வந்து கேட்டா, அப்பா சரின்னுட்டா நானும் நீளம் தாண்டலாமா டீச்சர்னு. கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.